பிள்ளையிடம் சொல்லலாமா? குழந்தைப் புற்றுநோயும் மனநல ஆதரவும்

குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று மதுரையிலோ சென்னையிலோ டாக்டர் சொன்ன அன்று ராத்திரியே, காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டுவிடும். பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்பது ஒன்று. வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது இன்னொன்று. யாரும் கூடி உட்கார்ந்து பேசி எடுப்பதில்லை. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சின்னவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். போன் அடித்தால் அப்பா எழுந்து வாசல் திண்ணைக்குப் போய்விடுவார்.

எல்லாம் பிரியத்தில்தான். ஆனால் புற்றுநோய் வந்த குழந்தைகளின் மனதைப் பற்றி மருத்துவ உலகம் இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்த இரண்டு முடிவுகளுக்கும் எதிராகத்தான் இருக்கிறது. அது என்ன, நம் பக்கத்துக் குடும்பங்கள் அதை எப்படிக் கைக்கொள்ளலாம் என்பதை மட்டும் இங்கே பேசலாம். கீமோ எத்தனை முறை, எந்த மருந்து என்பதையெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வார்.

பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும்

மைரா புளூபாண்ட்-லாங்னர் என்று ஓர் அமெரிக்க மானுடவியலாளர். 1970களில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் இருந்த ஒரு மருத்துவமனையில் அவர்களோடேயே பல மாதங்கள் இருந்து பார்த்தார். 3 வயதிலிருந்து 9 வயது வரையான பிள்ளைகள். அன்றைக்கு இருந்த மருந்துகளை வைத்து அவர்களில் பலரைக் காப்பாற்ற முடியவில்லை. அவர்களிடம் யாரும் எதையும் விளக்கிச் சொல்லவும் இல்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்த மருந்துக்கு வாந்தி வரும், பக்கத்துக் கட்டில் பையன் ஏன் திரும்பி வரவில்லை, தன்னுடைய நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பது வரைக்கும். மற்றப் பிள்ளைகளிடமிருந்தும், பெரியவர்கள் கிசுகிசுப்பதிலிருந்தும், அம்மாவின் கண் வீக்கத்திலிருந்தும் அவர்களே சேர்த்துக்கொண்டது.

அவர் கண்டதில் என்னை அதிகம் உலுக்கியது அடுத்த விஷயம். தெரியும் என்பதை அந்தப் பிள்ளைகள் பெற்றோரிடம் மறைத்தார்கள். தெரிந்தமாதிரி காட்டிக்கொண்டால் அம்மா உடைந்து போவாள், எழுந்து வெளியே போய்விடுவாள் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக ஒன்றும் தெரியாததுபோல் இருந்தார்கள். பெற்றோர் பிள்ளையைக் காப்பாற்ற நடித்தார்கள், பிள்ளை பெற்றோரைக் காப்பாற்ற நடித்தது. நடுவில் பயம் மட்டும் அந்தக் குழந்தையிடம் தனியாகக் கிடந்தது.

சின்ன வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாலைந்து வயதுப் பிள்ளைக்கு உலகத்தில் நடப்பதெல்லாம் தன்னால்தான் நடக்கிறது. காரணம் சொல்லப்படாத இடத்தில் அது தானே ஒரு காரணத்தை வைத்துக்கொள்ளும். தம்பியைக் கிள்ளினேன், அதனால்தான். சாமிக்கு வைத்ததை எடுத்துத் தின்றேன், அதனால்தான். ஆஸ்பத்திரியில் அமைதியாக இருக்கும் பிள்ளையைப் பார்த்து "எவ்வளவு சமத்து" என்று நாம் மெச்சுவோம். சில நேரம் அது சமத்து இல்லை, தண்டனையை ஏற்றுக்கொண்ட ஒரு குழந்தை.

இது ஏன் சிகிச்சையின் பகுதி

1947 கடைசிவரை பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தே கிடையாது. சில வாரம், சில மாதம், முடிந்துவிடும். பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, சில குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவாவது நோய் அடங்குவதை 1948ல் உலகுக்குக் காட்டினார். அந்த மருந்து வந்தது எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இருந்த ஆய்வகத்திலிருந்து. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். அதே குடும்பத்து மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் இன்றைக்கும் நம் பிள்ளைகளின் முதுகுத்தண்டு ஊசியில் போகிறது. ஃபார்பர் மருந்தோடு நிற்கவில்லை. குழந்தையின் உடம்பு, மனம், குடும்பத்தின் பணக் கஷ்டம் எல்லாவற்றையும் ஒரே குழு பார்க்கவேண்டும் என்று அப்போதே வற்புறுத்தினார்.

இன்றைக்கு வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வசதி குறைந்த பல நாடுகளில் 30 சதவீதத்தைத் தொடுவதே கஷ்டம். கண்டுபிடிக்கத் தாமதம், மருந்துத் தட்டுப்பாடு, பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவது என்று காரணங்கள் பல. பாதியில் விடுவது பெரும்பாலும் காசில்லாமலும் மனசு விட்டுப்போயும் நடப்பது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை 2 வருஷம், 3 வருஷம் நீளும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது விவரம் தெரிந்த காலத்தில் முக்கால்வாசி. இவ்வளவு காலம் ஒரு வீடு "தைரியமா இரு, எல்லாம் சரியாப் போயிரும்" என்ற ஒற்றை வாக்கியத்தில் தாக்குப்பிடிக்க முடியாது.

2015ல், குழந்தைப் புற்றுநோய்க்கான ஒரு மருத்துவ இதழில், மனநல ஆதரவு என்றால் குறைந்தபட்சம் என்னென்ன இருக்கவேண்டும் என்று 15 நெறிகள் வெளியாயின. ஊசி, ஸ்கேன் போன்றவற்றுக்குப் பிள்ளையை முன்கூட்டித் தயார்செய்வது, பெற்றோரின் மனநிலையைக் கவனிப்பது, உடன்பிறந்தவர்களுக்கு உதவுவது, பள்ளிக்குத் திரும்ப வழி செய்வது, குணமானபிறகும் தொடர்வது, பிள்ளையை இழந்த குடும்பத்தைக் கைவிடாதிருப்பது எல்லாம் அதில் உண்டு. குடும்பத்தின் பண நெருக்கடியைக் கேட்டு அறிவதும் அதில் ஒன்று. மனநல ஆதரவு என்றவுடன் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசியைக் கவனிக்கவேண்டும். சென்னையில் தங்க இடம் கிடைப்பதும் மனநல ஆதரவுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "எம்புள்ளைக்கு என்ன பைத்தியமா, கவுன்சிலிங் எதுக்கு?" என்று கோபப்படுகிற அப்பாக்கள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஆன் காசக் இதற்காகவே ஒரு முக்கோணத்தை வரைந்து காட்டினார். அகன்ற அடிப்பாகத்தில் பெரும்பாலான குடும்பங்கள். அவர்களுக்குத் துக்கமும் தூக்கமின்மையும் இருக்கும், அது இயல்பு. விளக்கமும் துணையும் இருந்தாலே சமாளித்துவிடுவார்கள். நடுவில் ஏற்கெனவே கடன், குடும்பச் சண்டை, தனிமை போன்ற சுமைகள் உள்ளவர்கள். அவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். உச்சியில் இருக்கும் சிலருக்குத்தான் மனநல மருத்துவரின் சிகிச்சை. ஆக, கவுன்சிலர் வந்து பேசுவதால் உங்கள் வீட்டில் யாருக்கும் மனநோய் என்று பொருளில்லை.

எப்படிச் சொல்வது

பொய் சொல்லாமல், கேட்ட அளவுக்கு, வயதுக்கு ஏற்றபடி. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டவேண்டியதில்லை.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்: "ஆத்தா, ஒன் ரத்தத்துல கெட்ட அணு கொஞ்சம் வந்திருச்சு. அதுக்குப் பேரு கேன்சர். அதை அழிக்க டாக்டர் மருந்து குடுப்பாக. மருந்து சாப்பிட்டா கொஞ்ச நாளைக்கு அசதியா இருக்கும், முடி கொட்டும், பெறகு முளைச்சிரும். நீ எதுவும் தப்புப் பண்ணதால வந்தது இல்ல இது. யாருக்கும் தொத்தவும் தொத்தாது. அம்மா கூடவே இருப்பேன்." நோயின் பெயரைச் சொல்லவேண்டுமா என்று கேட்பார்கள். சொல்லுங்கள். வார்டில் எப்படியும் காதில் விழும். அம்மா வாயால் முதலில் கேட்பது நல்லது.

எட்டு, பத்து வயதில் "எப்போ முடியும்? ஸ்கூலுக்கு எப்போ போவேன்? அரைப்பரீட்சை எழுத முடியுமா?" என்று கேள்விகள் மாறும். இந்த வயதில் இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பதும் புரிந்துவிடுகிறது. பதின்வயதினரிடம் மறைப்பது நடக்காத காரியம், கையில் போன் இருக்கிறது. டாக்டர் பேசும்போது அவர்களை வெளியே அனுப்பாதீர்கள். தன் உடம்பைப் பற்றிய பேச்சில் தனக்கு இடமில்லை என்பது அவர்களுக்கு நோயைவிடப் பெரிய அவமானம். சிகிச்சை பின்னாளில் குழந்தைப்பேற்றைப் பாதிக்குமா என்ற கேள்வியை அவர்கள் கூச்சத்தில் கேட்கமாட்டார்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே நீங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கேட்கவே பயப்படும் கேள்வி ஒன்று உண்டு. "நான் செத்துப் போயிருவேனாம்மா?" உடனே "சீ, அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயைப் பொத்துகிறோம். அதற்குப் பதில், "ஏன்த்தா அப்படித் தோணுச்சு?" என்று முதலில் கேட்கலாம். பல நேரம் காரணம் சின்னதாக இருக்கும்: பக்கத்து அறைக் குழந்தை வீட்டுக்குப் போனது, அது இறந்துவிட்டது என்று இவள் நினைத்துக்கொண்டது. உண்மையிலேயே நோய் முற்றிய நிலையென்றாலும் பேச்சு கெடுதல் செய்வதில்லை. ஸ்வீடனில், புற்றுநோயில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் கேட்டு 2004ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாட்சி. பிள்ளையிடம் மரணத்தைப் பற்றிப் பேசியிருந்த 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாமல் விட்ட 258 பேரில் 69 பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள்.

ஊசி

வளர்ந்தபிறகு குழந்தைப் புற்றுநோயை நினைவுகூர்கிறவர்கள் பலர் நோயைவிட ஊசியைத்தான் சொல்வார்கள். மாதக்கணக்கில் நரம்பு தேடிக் குத்துவது, எலும்பு மஜ்ஜை எடுப்பது, முதுகில் நீர் எடுப்பது. இங்கே குடும்பம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை விடவேண்டும். "சேட்டை பண்ணுனா டாக்டர்ட்ட சொல்லி ஊசி போட்டுருவேன்." இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஊசி என்றால் தண்டனை. இப்போது தினமும் ஊசி என்றால் அது என்ன நினைக்கும்? அடுத்தது, "வலிக்கவே வலிக்காது" என்ற பொய். ஒருமுறை வலித்துவிட்டால் அதன்பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பாது. "எறும்பு கடிச்ச மாதிரி கொஞ்ச நேரம் இருக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிரும், என் கையைப் பிடிச்சுக்க" என்பது உண்மை, அதனால் வேலை செய்யும்.

ஊசி போடும் இடத்தில் சுமார் ஒரு மணி நேரம் முன்பே தடவினால் தோல் மரத்துப்போகும் கிரீம் இருக்கிறது. நர்ஸிடம் கேளுங்கள், கேட்டால்தான் பல இடங்களில் கிடைக்கும். முதுகில் நீர் எடுக்கும்போது மயக்கம் கொடுப்பார்களா என்றும் கேட்கலாம். குத்தும் நேரத்தில் பிள்ளையின் கவனத்தைத் திருப்புவது வலியைக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. சோப்புக் குமிழ் ஊதச் சொல்வது, கதை, போனில் பாட்டு, எதுவானாலும். நாலு பேர் பிடித்து அமுக்குவதைவிட அம்மா மடியில் உட்காரவைத்துப் போடுவது நல்லது. இந்தக் கையா, அந்தக் கையா என்று பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஊசி வேண்டாம் என்று சொல்லும் உரிமை அதற்கு இல்லை. எந்தக் கை என்று சொல்லும் உரிமையாவது இருக்கட்டும்.

நம் வீடுகளில் மரப்பாச்சி இன்னும் எங்காவது பரணில் கிடக்கும். ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, பிள்ளை கையில் கொடுத்து மரப்பாச்சிக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள் வார்டுகளில் பயிற்சி பெற்றவர்கள் பொம்மையை வைத்துச் செய்வது இதைத்தான். பிள்ளை மரப்பாச்சியிடம் என்ன சொல்லித் திட்டுகிறது என்பதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். அதன் பயம் எதைப்பற்றி என்று அங்கே தெரிந்துவிடும்.

ஸ்டீராய்டு வாரங்கள், மொட்டைத் தலை

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்கு முதல் கட்டச் சிகிச்சையில் சுமார் 4 வாரம் தொடர்ந்து ஸ்டீராய்டு கொடுப்பார்கள். சாதுவான பிள்ளை திடீரென்று கத்தும், எறியும், காரணமில்லாமல் அழும், தூங்காது. ராத்திரி இரண்டு மணிக்கு வெள்ளைப் பணியாரம் வேண்டும் என்று அடம்பிடிக்கும். சுட்டுக் கொடுத்தால் முறுக்கு கேட்கும். "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீக" என்று பெரியவர்கள் அம்மாவைக் குறை சொல்லும் காலம் இது. செல்லமும் இல்லை, சேட்டையும் இல்லை, மருந்தின் வேலை. மருந்து நின்றதும் பெரும்பாலும் தணிந்துவிடும். இதை முன்கூட்டியே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைப்பது ஒன்றே பாதிச் சண்டையைத் தீர்க்கும். இருந்தாலும் அடிப்பது, கடிப்பது போன்றவற்றுக்கு வழக்கமான கட்டுப்பாடு இருக்கட்டும். நோய் வந்ததும் எல்லா விதியையும் தளர்த்திவிட்டால், நிலைமை மிக மோசம்போல என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

முடி கொட்டும் விஷயத்தில் நமக்கு ஒரு சின்ன வசதி இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போய்வரும் ஊர்கள் இவை. குன்றக்குடியில் முடி இறக்கிய பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். மொட்டைத் தலை யாரையும் திரும்பிப் பார்க்கவைப்பதில்லை. "எந்தக் கோயிலுக்கு நேர்த்தி?" என்று மட்டும் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதைப் பிள்ளையிடமே முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். சிலது "பழனி" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும், சிலது "கீமோ" என்று பட்டென்று சொல்லும். இரண்டும் அதன் விருப்பம். கொத்துக்கொத்தாகத் தலையணையில் உதிர்வதைப் பார்ப்பதைவிட, முன்பே முடி இறக்கிவிடுவது சில பிள்ளைகளுக்கு எளிது. ஆனால் சவரக்கத்தி வேண்டாம். ரத்த அணுக்கள் குறைந்திருக்கும்போது ஒரு கீறல்கூடச் சீழ்பிடிக்கும். மெஷினில் ஒட்ட வெட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைக்கு இந்தச் சமாதானமெல்லாம் எடுபடாது. அவள் அழுவாள். அழவிடுங்கள். "முடிதானே, உசிரா போச்சு?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆயா வீட்டில் விடப்பட்டவன்

தங்கையைச் சென்னைக்குக் கூட்டிப்போகிறார்கள். அண்ணனை ஆயா வீட்டில் விடுகிறார்கள். பதினோரு வயது. "நீ பெரிய பையன், அம்மாவைத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவனும் பண்ணமாட்டான். கணக்கில் மார்க் குறையும், வயிறு வலிக்கிறது என்பான், யாரிடமும் சரியாகப் பேசமாட்டான். எனக்கும் வருமா, நான் அடித்ததால் வந்ததா, அம்மாவுக்கு நான் வேண்டாமா என்ற மூன்றும் அவனுக்குள் ஓடும். மூன்றில் ஒன்றையும் கேட்கமாட்டான். இந்த நோய்க் கதையில் அதிகம் மறக்கப்படுபவன் இவன்தான் என்பது என் எண்ணம்.

அவனுக்கும் நோயைப் பற்றிச் சொல்லவேண்டும், தங்கைக்குச் சொன்ன அன்றே. தினமும் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் அம்மா போனில் அவனோடு பேசட்டும். அந்தப் பேச்சில் முதல் ஐந்து நிமிஷம் தங்கையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அனுமதித்தால் வார்டுக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். அவன் கற்பனையில் இருக்கும் ஆஸ்பத்திரி நிஜ ஆஸ்பத்திரியைவிடப் பயங்கரமானது. தாயமோ பல்லாங்குழியோ தங்கையோடு ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வரட்டும்.

அப்பா பல வீடுகளில் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். செலவுக்குப் பணம் அனுப்பவேண்டும், அதனால் வர முடியாது. வீடியோ காலில் சிரித்துப் பேசிவிட்டு அறைக்குப் போய் அழுகிற ஆண்கள் அவர்கள். அம்மாவின் கஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது, யாராவது விசாரிக்கிறார்கள். அப்பாவிடம் "பணம் அனுப்பிட்டியா?" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். பேரிடரைக் கண்டவர்களுக்கு வரும் மனக்காயத்தின் அறிகுறிகள் (திரும்பத்திரும்ப அதே காட்சி, தூக்கத்தில் பதறி எழுவது, ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே படபடப்பு) பிள்ளைகளைவிடப் பெற்றோரிடம் அதிகம் தெரிகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. டாக்டரைப் பார்க்கும்போது அப்பாவைப் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவெடுப்பதில் பங்கு இருந்தால் தவிப்பு கொஞ்சம் குறையும்.

அடுத்து, பழி. "கர்ப்பத்துல கிரகணத்தன்னைக்கு வெளிய போனா", "பாக்கெட் தீனியாக் குடுத்தா", "யாரு கண்ணு பட்டுச்சோ", "ஜாதகம் சரியில்ல". முக்கால்வாசி அம்மா தலையில்தான் விடியும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் சுமார் பத்தில் ஒரு பங்குக்குத்தான் பிறவியிலேயே வரும் மரபணு மாற்றம் காரணம். மற்றவற்றில் பெரும்பாலும் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. பெரியவர்களுக்குப் புகையிலையால் வருவதுபோல் பிள்ளைகளுக்கு வருவதில்லை. யாரும் செய்த எதனாலும் வந்ததில்லை என்பதை வீட்டில் மூத்தவர் ஒருவர், ஐயாவோ அப்பத்தாவோ, எல்லோர் முன்னிலும் ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தத் தாய்க்கு அது பெரிய மருந்து. டாக்டர் பத்து தடவை சொன்னாலும் மாமியார் ஒரு தடவை சொல்வதற்கு ஈடாகாது.

வெளியே சொல்வதா?

மறைத்தால் உதவி வராது. எல்லோருக்கும் சொன்னால் ஊரே பழமும் ஹார்லிக்ஸுமாக வந்து நிற்கும். விசாரிக்க வராவிட்டால் முறை தப்பியதாக ஆகிவிடுமே. அணுக்கள் குறைந்த நாட்களில், வீட்டுக்காரர்கள் சொல்கிறபடி "கவுண்ட் இறங்கியிருக்கும்போது", சளி பிடித்த ஒருவர் வந்துபோவதே ஆபத்து. பிள்ளையின் தலைமாட்டில் நின்று "எங்க பங்காளி வீட்டுலயும் ஒருத்தருக்கு இப்படித்தான்..." என்று தொடங்குபவர் அதைவிட ஆபத்து.

செட்டிநாட்டுக் கல்யாண வீட்டை யோசித்துப் பாருங்கள். சமையல் கட்டுக்கு ஒருவர், பந்திக்கு ஒருவர், மொய் எழுத ஒருவர், வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்க ஒருவர். பெண்ணைப் பெற்றவள் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்ப்பதில்லை. அதே ஏற்பாடுதான் இங்கேயும் தேவை. வெளியாருக்குத் தகவல் சொல்லும் வேலை சித்தப்பாவுக்கு. அம்மாவிடம் யாரும் போன் செய்து கேட்கக் கூடாது, வாட்ஸ்அப்பில் அவர் வாரம் ஒருமுறை எழுதுவார். பெரியவனைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு அயித்தைக்கு. காப்பீட்டுக் காகிதங்கள் அம்மானுக்கு. வாரத்தில் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்து அம்மாவைத் தூங்கவிடுவது இன்னொருவருக்கு. "எது வேணும்னாலும் கேளு" என்பவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. "செவ்வாய்க்கிழமை நான் வாரேன், நீ போய்க் குளிச்சிட்டுத் தூங்கு" என்பவர்தான் உதவுகிறார்.

யாரிடம் போவது

பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளரும் கவுன்சிலரும் இருப்பார்கள். முதல் வாரத்திலேயே அவர்களைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். அடையாறு புற்றுநோய் மையத்தில் இதற்கென்றே உளவியல் துறை உண்டு. அந்த மையத்தை 1954ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886ல் பிறந்தவர். உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அந்த மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கிறது. விழித்திரைப் புற்றுநோய் என்றால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையே பார்க்கிறது.

சென்னையில் தங்குவதற்கு, சிகிச்சைக்கு வரும் குழந்தைகளையும் பெற்றோரையும் இலவசமாக வைத்துக்கொள்ளும் செயின்ட் ஜூட் இல்லங்கள் உள்ளன. மருத்துவமனை வழியாகத்தான் சேர முடியும். தகுதியுள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால், சிகிச்சைக்குப் போகும் பிள்ளைக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமில்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகை. காரைக்குடியிலிருந்து மாதாமாதம் ஓடும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

நடுராத்திரி யாரிடமாவது பேசவேண்டும்போல இருந்தால் 14416, அரசின் டெலி மானஸ் எண். தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை. எப்போது கட்டாயம் உதவி தேடவேண்டும் என்றால்: இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை எதிலும் ஒட்டாமல் இருந்தால், மருந்தைத் தொடர்ந்து துப்பினால், பெற்றோரில் ஒருவர் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும் அன்றே.

மருந்து முடிந்தபிறகு

எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது அம்மாவுக்கு மட்டும் பதற்றம் கூடும். இத்தனை நாள் வாரம் ஒருமுறை டாக்டர் பார்த்தார், இப்போது மூன்று மாதம் கழித்து வா என்கிறார். லேசான காய்ச்சலுக்கும் நெஞ்சு திக்கென்கும். ரத்தப் பரிசோதனைக்கு முதல் நாள் யாருக்கும் தூக்கம் வராது. இது கொஞ்சகாலம் இருக்கும், வழக்கமானது.

பள்ளிக்குத் திரும்புவதை அதிகம் தள்ளிப்போடாதீர்கள். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டிப் பேசி, தொற்றுநோய் இல்லை என்பதை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். பெஞ்சில் தனியாக உட்காரவைத்துவிட்டால் அந்தக் காயம் கீமோவைவிட அதிக நாள் இருக்கும். தலைக்குக் கதிர்வீச்சோ முதுகுத்தண்டில் மருந்தோ பெற்ற சில பிள்ளைகளுக்குக் கவனமும் கணக்குப் போடும் வேகமும் குறையலாம். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து டியூஷனில் கொண்டுபோய்த் தள்ளாமல், டாக்டரிடம் சொல்லிச் சோதிக்கவேண்டும்.

பெண்பிள்ளை என்றால் இந்த இடத்தில் பழைய முடிவு திரும்பி வரும். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும், யாருக்கும் தெரிய வேண்டாம், அவளுக்கே மறந்துபோகட்டும். மூன்று வயதில் சிகிச்சை எடுத்தவளுக்கு உண்மையிலேயே நினைவிருக்காது. வெளியாருக்குச் சொல்வதா வேண்டாமா என்பது வளர்ந்தபிறகு அவள் எடுக்கவேண்டிய முடிவு. ஆனால் அவளிடமே மறைப்பதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. கீமோ மருந்துகளில் சில, டாக்ஸோருபிசின் போன்றவை, பல வருஷம் கழித்தும் இதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடும். அதனால் அவ்வப்போது எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) எடுக்கவேண்டும், கர்ப்பம் தரித்தால் இதயத்தைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். மகப்பேறு மருத்துவர் "சின்ன வயசுல ஏதாவது வியாதி வந்துச்சாம்மா?" என்று கேட்கும்போது, தெரியாதவள் "இல்லை" என்றுதான் சொல்வாள். சிகிச்சை முடியும் நாளில் என்னென்ன மருந்து, எவ்வளவு அளவு கொடுத்தார்கள் என்று சுருக்கமாக எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். அதில் ஒரு பிரதி, விவரம் தெரிந்த வயதில், அவள் கையில் இருக்கட்டும்.